தென்காசிப் பாண்டியர்

பாண்டிய மரபின் கடைசி இருநூறு ஆண்டு வரலாறு சிற்றாற்றங்கரைத் தென்காசியைச் சுற்றியே அமைந்தது. மதுரையை ஆண்டவர்கள் இங்கு வந்து சேர்ந்ததற்கு முதற்காரணம் உள்வீட்டுச் சண்டை. முதலாம் மாறவர்மன் குலசேகரனுக்குப் பின் அவன் மக்கள் சுந்தர பாண்டியனும் வீர பாண்டியனும் அரியணைக்குப் போரிட்டனர். 1311இல் தில்லிப் படையுடன் மாலிக் கபூர் மதுரைக்கு வந்தான். பின்னர் மதுரையில் தனிச் சுல்தான்கள் ஆண்டனர். அவர்களை வென்ற குமார கம்பணன் விசயநகர ஆட்சியை நிலைநாட்டினான். பாண்டியர் தெற்கே நகர்ந்து திருநெல்வேலிச் சீமையோடு நின்றனர்.

  

தென்காசி மரபை நிலைநிறுத்தியவன் 1422இல் பட்டமேறிய அரிகேசரி பராக்கிரம பாண்டியன். வடகாசிக்குப் போக இயலாதவர்களும் வழிபடும்படி 1446 வாக்கில் காசி விசுவநாதர் கோயிலைத் தொடங்கினான். இராசகோபுரம் முடியும் முன்னரே 1463இல் அவன் காலமானான். அவனோடு ஆட்சியைப் பகிர்ந்திருந்த தம்பி குலசேகர பாண்டியன் எஞ்சிய வேலையை முடித்தான். ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்டவர் முடிசூடி ஆள்வது பாண்டியரின் பழைய வழக்கம். மதுரையில் அதுவே பிளவுக்கு வழிவிட்டது, தென்காசியில் கோயில் நிறைவேறக் கைகொடுத்தது. பிற்காலத்தில் இக்கோயிலைப் பழுதுபார்த்துக் காப்பவர்களின் காலில் விழுந்து வணங்குவதாகப் பராக்கிரமன் வேண்டிக்கொண்ட கல்வெட்டும் இங்கு உண்டு.

அடுத்த நூற்றாண்டில் நெருக்கடி மேற்கிலிருந்து வந்தது. திருவிதாங்கூர் அரசன் பாண்டிய நாட்டுப் பகுதிகளைப் பிடித்துக்கொண்டான். விசயநகரப் பேரரசன் அச்சுததேவராயனின் படை 1532இல் தாமிரபரணிக் கரையில் வென்று நிலத்தை மீட்டுத் தந்தது. பாண்டிய இளவரசி ஒருத்தியைப் பேரரசன் மணந்துகொண்டான். அரசு பிழைத்தது, ஆனால் அது பேரரசுக்குத் திறை கட்டும் அரசாகவே நீடித்தது.

படைபலம் குறைந்த காலத்தில் இம்மரபின் பெயரைத் தமிழ் காத்தது. 1564இல் ஆட்சிக்கு வந்த அதிவீரராம பாண்டியன் நளன் கதையை ‘நைடதம்’ என்ற காப்பியமாகப் பாடினான். ‘காசிக் காண்டம்’, ‘கூர்ம புராணம்’ ஆகியனவும் அவன் இயற்றியவை. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக மனப்பாடம் செய்த ‘வெற்றி வேற்கை’யும் அவனுடையதே. அவன் உறவினன் வரதுங்கராம பாண்டியன் ‘பிரமோத்தர காண்டம்’ பாடியவன். கரிவலம்வந்தநல்லூர்ச் சிவன்மேல் பேரன்பு கொண்டவன். பிள்ளையில்லாத அவனுக்கு இறைவனே ஈமக்கடன் செய்தார் என்பது அவ்வூர் மரபு.

இதற்குள் மதுரையில் நாயக்கர் ஆட்சி வேரூன்றி, நாடு பாளையங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது. 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியோடு தென்காசிப் பாண்டியரின் கல்வெட்டுகள் நின்றுவிடுகின்றன. அதன்பின் ஊத்துமலை, சொக்கம்பட்டி, சிவகிரி முதலிய பாளையங்களே இப்பகுதியின் அதிகார மையங்கள். ஆங்கிலேயர் காலத்தில் அவை சமீன்களாயின. ஆலங்குளத்துக்கு வடக்கே உள்ள ஊத்துமலையின் சமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவர், காவடிச்சிந்து பாடிய அண்ணாமலை ரெட்டியாரை ஆதரித்தார். புலவரைப் போற்றும் வழக்கம் அரசு மாறியும் தொடர்ந்தது. 1948ஆம் ஆண்டுச் சட்டம் சமீன்முறைக்கு முடிவு கட்டியது.

சிதைந்து நெடுங்காலம் மொட்டையாக நின்ற தென்காசிக் கோபுரம் ஒன்பது நிலைகளுடன், ஏறத்தாழ 180 அடி உயரத்தில் எழுப்பப்பட்டு 1990இல் குடமுழுக்குக் கண்டது.