மாற்று இயங்குதளம் ஏற்றிய போனும் வங்கிக் கணக்கும்

ஆண்ட்ராய்டு போனில் கம்பெனி போட்டுத் தந்த மென்பொருளை நீக்கி வேறொன்றை ஏற்றுவோர் இரண்டு காரணங்கள் சொல்கிறார்கள். ஒன்று, கூகுளின் கண்ணிலிருந்து தப்புவது. மற்றது, அப்டேட் நின்றுபோன பழைய போனை இன்னும் சில ஆண்டு ஓட்டுவது. இரண்டும் நியாயமானவை; சட்டப்படி குற்றமும் அல்ல. ஆனால் அந்தரங்கம் வேறு, பாதுகாப்பு வேறு. பயன்படுத்துபவரின் நடமாட்டமும் தேடலும் ஒரு கம்பெனிக்குப் போகாமல் இருப்பது அந்தரங்கம். போனுக்குள் இன்னொருவர் நுழைய முடியாமல் இருப்பது பாதுகாப்பு. முதலாவதைத் தேடிப் போய் இரண்டாவதை இழந்து நிற்பவர்கள்தான் அதிகம்.

ஆண்ட்ராய்டின் அடிப்படை நிரல் எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது. லினேஜ், கிராஃபீன் போன்ற மாற்று இயங்குதளங்கள் அதிலிருந்து உருவானவை. சென்னை ஐஐடியின் ஆதரவில் வளர்ந்த நிறுவனம் 2023 ஜனவரியில் அறிமுகப்படுத்திய பார்ஓஎஸ் இந்த வரிசையில் நம் ஊர் முயற்சி. அது முதலில் கடும் ரகசியக் காப்பு தேவைப்படும் நிறுவனங்களுக்கென்று வந்தது. ஆகவே யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பும் ‘பார்ஓஎஸ்’ கோப்பை எந்தப் போனிலும் ஏற்றக் கூடாது. இந்தியப் பெயர் தாங்கியது என்பதற்காகவும் ஏற்றக் கூடாது.

பாதுகாப்பின் ஆணிவேர் பூட்லோடர். போனை இயக்கியதும் முதலில் விழிக்கும் சிறு நிரல் அது. ஏற்றப்பட்டிருக்கும் இயங்குதளம் உரியவரின் டிஜிட்டல் கையொப்பம் கொண்டதா என்று ஒவ்வொரு முறையும் சரிபார்க்கிறது. மாற்று இயங்குதளம் ஏற்ற இந்தப் பூட்டைத் திறந்தாக வேண்டும். திறக்கும்போது போனில் உள்ள அனைத்தும் அழியும். ஏற்றி முடித்தபின் மீண்டும் பூட்ட முடியுமா என்பதே கேட்க வேண்டிய முதல் கேள்வி. கிராஃபீன் தன் சொந்தக் கையொப்பத்தோடு மீண்டும் பூட்டிக்கொள்கிறது. ஆனால் அது இன்றுவரை கூகுளின் பிக்சல் போன்களில்தான் ஓடுகிறது. லினேஜ் ஏற்றிய பெரும்பாலான போன்களில் பூட்டு திறந்தபடியே கிடக்கும். போன் சில நிமிடம் கைமாறினால் போதும், உள்ளிருக்கும் மென்பொருளையே ஒருவர் மாற்றிவிடலாம். போனை இயக்கும்போது வரும் எச்சரிக்கைத் திரை இதைத்தான் சொல்கிறது. அதைப் படிக்காமல் தள்ளிவிட்டுப் போகிறவர்களே பெரும்பான்மை.

அடுத்தது அப்டேட் தேதி. மாற்று இயங்குதளத்தால் தானாகப் புதுப்பிக்க முடிவது பெரும்பாலும் ஆண்ட்ராய்டு பகுதியை மட்டுமே. சிப்பையும் சிக்னல் வாங்கும் மோடத்தையும் இயக்கும் மென்பொருள் சிப் கம்பெனியிடமிருந்தும் போன் கம்பெனியிடமிருந்தும் வர வேண்டும். அவர்கள் கைவிட்ட போனில் அந்த மென்பொருளின் ஓட்டைகள் அப்படியே இருக்கும். லினேஜில் ‘டிரஸ்ட்’ என்ற பகுதி ஆண்ட்ராய்டின் அப்டேட் தேதியையும் கம்பெனி மென்பொருளின் அப்டேட் தேதியையும் தனித்தனியாகக் காட்டும். இரண்டாவது தேதி பழையதாக இருந்தால் முதல் தேதியைக் கண்டு நிம்மதி அடைய வழியில்லை.

இந்தக் குறைகள் பணத்தைத் தொடும் இடம் வங்கிச் செயலி. கடலூர் மாவட்டத்தின் விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையிலும் சுற்றுவட்டாரப் பட்டறைகளிலும் அகல்விளக்கும் பொம்மையும் மின்சாரப் பீங்கான் பொருள்களும் செய்யும் சிறு தொழில்களில் போன்தான் கல்லாப்பெட்டி. கார்த்திகைக்கு முன் வெளியூர் வியாபாரி அனுப்பும் முன்பணம் முதல் கூலி வரை ஜிபேயில் ஓடுகிறது. பூட்டு திறந்த போனில் பல வங்கிச் செயலிகள் இயங்க மறுக்கும். உடனே போன் கடைக்குப் போனால், சில இடங்களில் போனை ‘ரூட்’ செய்து, அதாவது செயலிகளுக்கு முழு அதிகாரம் கிடைக்கும்படி திறந்து, அதை வங்கிச் செயலியின் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்துக் கொடுக்கிறார்கள். ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று பீங்கான் கட்டையில் தடித்த கம்பியைச் சுற்றி வைப்பதும் இதுவும் ஒன்று. ரூட் அனுமதி பெற்ற செயலி மற்ற எல்லாச் செயலிகளின் தரவையும் ஓடிபி குறுஞ்செய்தியையும் படிக்க முடியும். வங்கிக் கணக்கு இணைந்த போனில் இந்த வேலை வேண்டாம். பரிசோதிக்க ஆசையுள்ளவர்கள் சிம் இல்லாத பழைய போனில் செய்து பார்க்கட்டும்.

கடையில்தான் செய்தாக வேண்டும் என்றால் ஜிஎஸ்டி எண்ணுள்ள பில் வாங்க வேண்டும். எந்த இயங்குதளம், எந்தப் பதிப்பு, பூட்லோடர் மீண்டும் பூட்டப்பட்டதா, ரூட் செய்யப்பட்டதா என்ற நான்கு விவரமும் அதில் எழுதப்பட வேண்டும். துண்டுச்சீட்டு செல்லாது. போனை வாங்கியதும் *#06# அழுத்தி, வரும் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணைப் பெட்டியில் உள்ளதோடு ஒப்பிட வேண்டும். மென்பொருள் மாற்றும்போது அந்த எண் தொலைந்து, கடைக்காரர் வேறொன்றைப் பதிந்து கொடுப்பது உண்டு. 2023ஆம் ஆண்டு தொலைத்தொடர்புச் சட்டத்தின் 42ஆம் பிரிவுப்படி அதற்கு 3 ஆண்டு வரை சிறை அல்லது 50 லட்ச ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். எண் உண்மையானதா என்று அறிய, கேஒய்எம் என்று ஆங்கிலத்தில் அடித்து இடைவெளி விட்டு ஐஎம்இஐ எண்ணைச் சேர்த்து 14422க்குக் குறுஞ்செய்தி அனுப்பலாம்.

பணம் போய்விட்டால் முதல் வேலை சைபர் குற்ற உதவி எண் 1930. பாதிக்கப்பட்ட போனை அணைத்துவிட்டு வேறொரு போனிலிருந்து அழைக்க வேண்டும். வங்கியின் பெயர், கணக்கு எண், தொகை, நேரம், பரிவர்த்தனை எண் ஆகியவற்றைக் கையில் வைத்திருக்க வேண்டும். பணம் அடுத்த கணக்குக்குத் தாவும்முன் முடக்குவதற்கான ஏற்பாடு இது. ‘நாளை பார்த்துக்கொள்ளலாம்’ என்றால் பலன் இல்லை. கிடைக்கும் ஒப்புகை எண்ணைக் கொண்டு தேசிய சைபர் கிரைம் இணையதளத்தில் புகாரை முழுமையாக்க வேண்டும். போனை ரீசெட் செய்யக் கூடாது, சரிசெய்யச் சொல்லி கடைக்கும் கொடுக்கக் கூடாது. அதுதான் சாட்சியம்.

இரண்டாவது வேலை வங்கி. ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, வங்கியின் தவறோ வாடிக்கையாளரின் தவறோ இல்லாத மோசடியை 3 வேலை நாளுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்கு இழப்பு இல்லை. பணம் போனதாக வங்கியின் குறுஞ்செய்தி வந்த நாள் இதில் சேராது. தெரிவித்த 10 வேலை நாளுக்குள் வங்கி அந்தத் தொகையைக் கணக்கில் வைக்க வேண்டும். 90 நாளுக்குள் புகாரை முடிக்க வேண்டும். வாடிக்கையாளரின் கவனக்குறைவு என்றால் வங்கிக்குத் தெரிவிக்கும்வரை ஆன இழப்பு அவருடையது. ரூட் செய்த போனைக் காட்டி வங்கி இதைத்தான் சொல்லும். ஆனாலும் வாடிக்கையாளர் பொறுப்பை நிரூபிக்கும் சுமை வங்கியின் மேல்தான் இருக்கிறது. ‘ஆன்லைனில் போடுங்க’ என்று கிளையில் கைவிரித்தால் விட்டுவிடக் கூடாது. இரண்டு பிரதி எழுதி, ஒன்றில் தேதியோடு முத்திரை வாங்க வேண்டும். மறுத்தால் அன்றே விரைவு அஞ்சலில் அனுப்ப வேண்டும். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றிப் புகார் செய்யலாம். விவரம் அறிய 14448.

காவல் நிலையத்தில் ‘இது எங்கள் எல்லை இல்லை’ என்று அலைக்கழிப்பது இன்னும் தீரவில்லை. குற்றம் எங்கு நடந்திருந்தாலும் தகவலைப் பதிவு செய்ய வேண்டும் என்று 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு சொல்கிறது. மறுத்தால் அதே புகாரைக் கடலூர் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு அஞ்சலில் அனுப்பலாம்; அங்கும் நடக்காவிட்டால் நடுவர் நீதிமன்றம். புகாரைப் பெற்றதற்குக் காவல் நிலையம் தரும் சிஎஸ்ஆர் ரசீதின் நகலை வங்கிப் புகாரோடு இணைக்க வேண்டும்.

கடைக்காரர் சொல்லாமல் பூட்டைத் திறந்து கொடுத்திருந்தால் அது சேவைக் குறைபாடு. நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் சொல்லலாம். தீராவிட்டால் கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். 5 லட்ச ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை. அங்கே முதலில் கேட்கப்படுவது பில்.