தோணியாமை வலையில் வந்தால்

திருகோணமலையில் ஆழ்கடலைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. கொட்டியாரக்குடாவிலேயே கடலடிப் பள்ளத்தாக்கு தொடங்கிவிடுகிறது. இப்படியொரு கடலில் தொழில் செய்பவர்கள், ஆழத்துக்குச் சுழியோடும் கடலாமையான தோணியாமையைப் பற்றி அறிந்திருப்பது நல்லது.

இதற்குக் கடினமான ஓடு கிடையாது. தடித்த கருந்தோல், அதில் நீளவாக்கில் ஏழு வரம்புகள். வளர்ந்த ஆமை 300 முதல் 500 கிலோ வரை இருக்கும். 1988இல் வேல்ஸ் கரையில் ஒதுங்கியதோ 916 கிலோ! முக்கிய இரை சொறிமுட்டை. வழுக்கும் இரை வெளியே நழுவாதபடி தொண்டை முழுக்க உள்நோக்கிய முட்கள். சொறிமுட்டையென்று பொலித்தீன் பையை விழுங்கினால், அதையும் அந்த முட்கள் திரும்ப விடா.

ஆயிரம் மீற்றருக்குக் கீழே சுழியோடினாலும் மூச்செடுக்க மேலே வந்தாக வேண்டும். செவுள்வலையில் முன்துடுப்பு மாட்டினால் மூச்சு முட்டிச் சாகும். 1999 நவம்பரிலிருந்து ஓராண்டு இலங்கையின் இறங்குதுறைகளில் எடுத்த கணக்கில், வலையில் சிக்கிய கடலாமைகள் 5,241. அவற்றில் 431 தோணியாமைகள்.

சிக்கினால் இயந்திரத்தை நிறுத்துங்கள். துடுப்பைப் பிடித்துத் தூக்க வேண்டாம், மூட்டு விலகும். சுற்றியுள்ள கண்ணிகளை மட்டும் வெட்டி, வலைத்துண்டு எதுவும் உடம்பில் இல்லாமல் விடுங்கள். படகில் ஏற்றக்கூடிய சிறிய ஆமை அசைவற்றுக் கிடந்தால் செத்ததென்று முடிவுகட்டாதீர்கள். வயிறு கீழே இருக்க, பின்பக்கத்தை ஒரு சாண் உயர்த்தி, நிழலில் ஈரத்துணி போர்த்தி வையுங்கள், மூக்கை மூடக்கூடாது. சில மணி நேரத்தில் மூச்சு திரும்பலாம், ஒரு நாள்கூட ஆகலாம். அறுத்த வலைக்கு யார் காசு தருவது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி, சங்கங்கள் கடற்றொழில் திணைக்களத்திடம் அதை எழுத்தில் கேட்க வேண்டும்.

இலங்கையில் முட்டையிடும் ஐந்து வகைக் கடலாமைகளுக்கும் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் காவல். கொல்வது மட்டுமல்ல, இறைச்சி, முட்டை, ஓடு வைத்திருப்பதும் விற்பதும் குற்றம். வலையில் செத்து வந்ததும் உங்களுடையதல்ல.

சட்டத்துக்கு அஞ்சாதவர்கள் நஞ்சுக்காவது அஞ்ச வேண்டும். கடலாமை இறைச்சி சிலவேளை நஞ்சாகும். எவ்வளவு வேகவைத்தாலும் போகாது, மாற்றுமருந்தும் இல்லை. தாய் உண்டால் பால்குடிக் குழந்தைக்கும் போகும். உண்டவருக்கு வாந்தி, வாய்ப்புண், தொண்டை எரிவு கண்டால், உண்டதை மறைக்காமல் வைத்தியரிடம் சொல்லுங்கள், குழந்தையையும் காட்டுங்கள்.

கரையில் ஆமைத்தடம் கண்டால் மணலைக் கிளற வேண்டாம். முட்டை பொரிக்க இரண்டு மாதமளவாகும். குஞ்சு ஆணா பெண்ணா என்பதை அந்த மணலின் சூடே தீர்மானிக்கிறது. கூட்டை யாராவது தோண்டினால் வனஜீவராசிகள் திணைக்களத்தின் 1992 இலக்கத்துக்கு அழைத்து, இடத்தையும் நேரத்தையும் சொல்லுங்கள்.