கொழுந்தும் கூலியும்

தேயிலைக் கொழுந்து கிள்ளுவதற்குப் பெண்களின் விரல்களே ஏற்றவை என்பது இலங்கைத் தோட்டத் துரைமார்களின் அபிப்பிராயம். அப்படியானால் கூலி யாருக்கு அதிகமாயிருந்திருக்கும்? நேயர்கள் யூகித்தது தவறு!

திருச்சி, சேலம் ஜில்லாக்களிலிருந்து, பஞ்சத்துக்கு அஞ்சிக் கங்காணியின் பின்னே கடல் கடந்தவர்கள் நம் சகோதரிகள். விடியுமுன் அடுப்பு மூட்டி, கைக்குழந்தையைப் 'பிள்ளைக் காம்பரா' என்னும் கொட்டகையில் ஆயாவிடம் விட்டு, மழையிலும் பனியிலும் முதுகுக் கூடையுடன் மலை ஏறினார்கள்.

1927-ஆம் வருஷத்துச் சட்டத்தின்படி மலைநாட்டில் நிர்ணயித்த தினக்கூலி ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கோ 43! அதையும் பல தோட்டங்களில் புருஷனே கைநீட்டி வாங்கிக்கொண்டான்.

இந்த வித்தியாசம் 1984-இல்தான் ஒழிந்தது. 43 சதம் வாங்கியவளின் பேத்தி அதற்குள் கூடை தூக்கத் தொடங்கிவிட்டாள்.