இறக்கை சுத்துது... கரண்ட் வரலையா? வீட்டு காற்றாலைக்கு பொருத்தம் பார்ப்பது எப்படி

நாகர்கோவில்:

ஆனி, ஆடி மாதம் வந்துவிட்டால் ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் காற்று பேயாட்டம் போடும். அங்கு வரிசையாக நிற்கும் ராட்சத காற்றாலைகளைப் பார்க்கிறவர்களுக்கு, "நம்ம வீட்டுலயும் சின்னதா ஒண்ணு வச்சா நாலு பல்பு எரியுமே" என்ற ஆசை வருவது சகஜம்தான்.

பழைய இரும்புக்கடையில் ஒரு கார் ஆல்டர்நேட்டர் வாங்கி, பி.வி.சி. பைப்பை அறுத்து இறக்கை மாட்டினால் வேலை முடிந்தது என்று பலரும் நினைக்கிறார்கள். இறக்கை ஜோராக சுற்றும். ஆனால் பேட்டரியில் சார்ஜ் ஏறாது. போட்ட காசு வீண். கல்யாணத்துக்கு ஜாதகம் பார்ப்பது போல, இறக்கைக்கும் ஜெனரேட்டருக்கும் பொருத்தம் பார்க்காததுதான் இதற்கு காரணம்.

கார் ஆல்டர்நேட்டர் ஏன் சரிப்படாது?

கார் என்ஜின் நின்ற இடத்தில் ஓடும்போதே ஆல்டர்நேட்டர் நிமிடத்துக்கு சுமார் 2 ஆயிரம் சுற்று சுற்றும். ஆயிரம் சுற்றுக்கு கீழே போனால் அதில் உருப்படியாக கரண்ட் வராது. ஆனால் ஆறரை அடி (2 மீட்டர்) விட்டம் உள்ள 3 இறக்கை காற்றாலை, மணிக்கு 18 கி.மீ. காற்றில் 290 சுற்று அளவுக்குத்தான் சுற்றும்.

இன்னொரு வில்லங்கமும் உண்டு. உள்ளே இருக்கும் காயிலை காந்தமாக்கவே ஆல்டர்நேட்டர் பேட்டரியில் இருந்து 2, 3 ஆம்ப் கரண்டை இழுக்கும். அது 30 வாட் வரை வரும். அந்த காற்றில் கிடைப்பதே 60 வாட்தான். பாதியை அதுவே தின்றுவிட்டால் வீட்டுக்கு என்ன மிஞ்சும்?

சுற்று கணக்கு

3 இறக்கை காற்றாலைக்கு ஒரு சுலப கணக்கு இருக்கிறது. காற்று வினாடிக்கு எத்தனை மீட்டர் வீசுகிறதோ, அதை 115-ஆல் பெருக்கி, இறக்கை சுற்றும் வட்டத்தின் விட்டத்தால் (மீட்டரில்) வகுத்தால் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பது தெரிந்துவிடும்.

மணிக்கு 11 கி.மீ. காற்று என்றால் வினாடிக்கு 3 மீட்டர். 2 மீட்டர் விட்டத்துக்கு சுமார் 170 சுற்று வரும். 12 வோல்ட் பேட்டரி சார்ஜ் ஆக 13 வோல்ட்டாவது வேண்டும். அதனால் 170 முதல் 200 சுற்றுக்குள் 13 வோல்ட் கொடுக்கும் ஜெனரேட்டர்தான் இந்த இறக்கைக்கு ஜோடி.

டிரில் மெஷின் டெஸ்ட்

காந்தம் வைத்த எந்த மோட்டாரையும் சுற்றினால் கரண்ட் வரும். எலக்ட்ரிக் ஸ்கூட்டர் வீல் மோட்டார், டிரெட்மில் மோட்டார் இரண்டும் அந்த ரகம்தான். வாங்கும் முன்பு மோட்டாரை டிரில் மெஷினில் மாட்டி சுற்றி, மல்டிமீட்டரில் வோல்ட் பார்க்க வேண்டும். வீல் மோட்டாரில் 3 வயர் வரும். அதற்கு 6 டயோடு கொண்ட ரெக்டிபயர் போட்டுத்தான் அளக்க வேண்டும். டிரெட்மில் மோட்டாருக்கு ஒரு டயோடு கட்டாயம். இல்லாவிட்டால் காற்று நின்றதும் பேட்டரி கரண்டில் அதுவே பேன் மாதிரி சுற்றும்.

600 சுற்றில் 40 வோல்ட் காட்டினால், 200 சுற்றில் 13 வோல்ட் வரும். தைரியமாக வாங்கலாம். அதே 600 சுற்றில் 10 வோல்ட்தான் என்றால் 13 வோல்ட்டுக்கு 780 சுற்று வேண்டும். 2 மீட்டர் இறக்கை அந்த வேகத்தைத் தொட மணிக்கு 49 கி.மீ. காற்று வீச வேண்டும். அது தினமும் நடக்கிற காரியமா?

மாறிப்போனால் ஆபத்து

சின்ன இறக்கைக்கு பெரிய ஜெனரேட்டர் மாட்டினால், பாரம் தாங்காமல் இறக்கை வேகம் எடுக்காமல் திணறும். பெரிய இறக்கைக்கு சின்ன ஜெனரேட்டர் மாட்டுவது அதைவிட மோசம். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் சக்தி 8 மடங்காகும். 18 கி.மீ. காற்றில் 60 வாட் தந்த இறக்கை, 36 கி.மீ. காற்றில் 450 வாட்டுக்கு மேல் தள்ளும். 100 வாட் மோட்டாரின் காயில் கருகிவிடும்.

அப்போது இறக்கை நுனி மணிக்கு 200 கி.மீ.க்கு மேல் பறக்கும். பேட்டரி வயரை கழற்றிவிட்டால் பாரம் இல்லாமல் வேகம் இன்னும் எகிறும். பி.வி.சி. இறக்கை பிய்ந்து பறந்தால் கீழே நிற்பவர் கதி அவ்வளவுதான். எனவே பலத்த காற்றில் தானாக ஒதுங்கும் மடக்கு வால் கட்டாயம் வேண்டும். குழந்தைகள் நடமாடும் இடத்தில் வைக்கவே கூடாது.

முதலில் ஜெனரேட்டரை அளந்துவிட்டு, அதற்கு ஏற்ற விட்டத்தில் இறக்கை செய்வதுதான் செலவு குறைந்த வழி. இந்த கரண்டை பேட்டரியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அனுமதி இல்லாமல் வீட்டு ஈ.பி. லைனில் கொடுத்தால், கம்பத்தில் ஏறி வேலை பார்க்கும் ஊழியரின் உயிருக்கே உலை வைத்துவிடும் என்பது குறிப்பிடத்தக்கது.