பணிநீக்க ஆணையின் மொழி: நீங்குதலும் நீக்குதலும்

0. முன்னுரை

பணிநீக்கக் கடிதம் ஒரு செய்தியை அறிவிப்பது மட்டுமன்று. ஒரு செயலை நிகழ்த்துவதும் ஆகும். ஆஸ்டின் (1962), அதிகாரத்தைச் செலுத்தும் வினைகளின் வரிசையில் நியமித்தலோடு பணிநீக்குதலையும் சேர்த்துள்ளார். இத்தகைய கூற்று நிறைவேற, கூறுவோர் அதற்குரிய அதிகாரம் உடையவராதலும், உரிய முறை பின்பற்றப்படுதலும் இன்றியமையாதன. ஐதராபாத்தில் 2019-இல் வழங்கிய ஒரு சொல்லாட்சியைச் சான்றாகக் கொண்டு, இக்கூற்றின் அமைப்பையும் மொழிபெயர்ப்போர் கருத வேண்டியவற்றையும் இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

1. ஐதராபாத் சான்று

தெலங்கானா மாநிலச் சாலைப் போக்குவரத்துக் கழகத் தொழிலாளர்கள், கழகத்தை அரசோடு இணைத்தல் முதலிய கோரிக்கைகளை முன்வைத்து 2019 அக்டோபர் 5 அன்று வேலைநிறுத்தம் தொடங்கினர். அன்று மாலை 6 மணிக்குள் பணிக்குத் திரும்புமாறு அரசு கெடு விதித்தது. திரும்பாத ஏறத்தாழ 48,000 பேரும் 'செல்ஃப் டிஸ்மிஸ்' ஆகிவிட்டனர் என்பது அன்றைய முதலமைச்சர் கே. சந்திரசேகர ராவின் நிலைப்பாடு. வேலைநிறுத்தம் 50 நாள்களுக்கு மேல் நீடித்தது; நவம்பர் இறுதியில் தொழிலாளர்கள் மீண்டும் பணியில் சேர்த்துக்கொள்ளப்பட்டனர்.

2. வினை அமைப்பு

தமிழில் 'நீங்கு' தன்வினை, 'நீக்கு' பிறவினை. 'அடங்கு–அடக்கு', 'திருந்து–திருத்து' ஆகிய இணைகளும் இவ்வாறே மெல்லினம் வல்லினமாதலால் வேறுபடுகின்றன. தெலுங்கில் 'தொலகு–தொலகிஞ்சு' என்னும் இணை இதே பொருள் வேறுபாட்டைத் தருகிறது. நீக்குதலுக்கு நீக்குவோர், நீக்கப்படுவோர் என இருவர் வேண்டும். நீங்குதலுக்கு ஒருவரே போதும்.

'செல்ஃப் டிஸ்மிஸ்' என்னும் தொடர், பிறவினைக்குரிய தண்டனைப் பொருளைத் தக்கவைத்துக்கொண்டு, வினைமுதலின் இடத்தில் தண்டனை பெறுவோரையே நிறுத்துகிறது. இதனைத் 'தாமே நீங்கினர்' எனப் பெயர்த்தால் தண்டனைப் பொருள் மறைகிறது. 'தம்மைத் தாமே நீக்கிக்கொண்டனர்' என்பது இலக்கண வழுவற்றது. எனினும், தொழிலாளிக்கு இல்லாத அதிகாரத்தை அவருக்கு ஏற்றுவதால் செவிக்கு முரண்படுகிறது. வழக்கின் மையமே இம்முரண் ஆதலின், மொழிபெயர்ப்பில் இதனைக் காத்தலே முறை, செப்பனிடுதல் பொருந்தாது.

3. சட்ட வழக்கு

இவ்வேறுபாடு வெறும் இலக்கண நுட்பமன்று. சென்னைப் பக்கிங்காம் கர்நாடிக் ஆலையின் நிலையாணை ஒன்று, விடுப்பின்றித் தொடர்ந்து 8 வேலைநாள்கள் வாராதவர் பணியை விட்டு நீங்கியதாகக் கொள்ளப்படுவார் என வகுத்திருந்தது. 1960-களின் தொடக்கத்தில் உச்ச நீதிமன்றம் அதனை ஏற்றது. 1993-இல் டி.கே. யாதவ் வழக்கில் இத்தகைய நிலையாணையே மீண்டும் ஆய்வுக்கு வந்தது. தொழிலாளி தாமாகவே வாராதிருந்தார் என்றது நிறுவனம். தம்மை உள்ளே விடவில்லை என்றார் தொழிலாளி. அதாவது, ஒரு தரப்பு 'நீங்கினார்' என, மறுதரப்பு 'நீக்கினர்' என்றது. விளக்கம் கேட்காமல் பணியை முடித்தது இயற்கை நீதிக்கு முரண் என நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஆணை எப்போது நிறைவேறுகிறது என்பதும் கருதத்தக்கது. கோப்பில் எழுதி வைத்த பணியறவு ஆணை, உரியவர்க்கு அறிவிக்கப்படும்வரை செயற்படாது என 1966-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. கேட்போரை எய்தாத கூற்று செயலாகாது என்பதே இதன் மொழியியற் பொருள்.

4. கலைச்சொற்கள்

அரசமைப்பின் 311-ஆம் பிரிவு பணியறவு, பணிநீக்கம், பதவி இறக்கம் என மூன்றைச் சுட்டுகிறது. பணியறவு பெற்றவர் பொதுவாக மீண்டும் அரசுப்பணிக்கு வர இயலாது. பணிநீக்கம் பெற்றவருக்கு அத்தடை இல்லை. நாளேடுகள் இரண்டையும் 'பணிநீக்கம்' அல்லது 'டிஸ்மிஸ்' என்றே எழுதுவதுண்டு. 'தற்காலிகப் பணிநீக்கம்' என்னும் வழக்கும் மயக்கம் தருவது. அந்நிலையில் ஊழியர் பணித்தொடர்பை இழப்பதில்லை. 'பணியிடை நீக்கம்' என்பதே தெளிவானது.

ஐதராபாத்தில் உருதுவும் தெலுங்கும் பகிர்ந்துகொள்ளும் 'பர்தரஃப்' பாரசீக வழிவந்தது. 'ஒருபுறமாக' என்பது அதன் அடிப்பொருள். தெலுங்கில் இதற்கு வழங்கும் 'உத்வாசன' என்பதோ, பூசை முடிவில் எழுந்தருளச் செய்த தெய்வத்தை வழியனுப்பும் சடங்கின் பெயர். ஒரே செயலை ஒரு சொல் ஒதுக்குதலாகவும் மற்றொன்று வழியனுப்புதலாகவும் காண்கின்றன.

5. முடிவுரை

'தாங்கள் பணியிலிருந்து நீக்கப்படுகிறீர்கள்' என்னும் செயப்பாட்டுவினைத் தொடர் வினைமுதலை மறைக்கிறது. 311-ஆம் பிரிவின்படி, நியமித்த அதிகாரிக்குக் கீழ்ப்பட்டவர் அரசு ஊழியரை நீக்க இயலாது. ஆகவே நீக்குபவர் யார் என்பதே ஆணையின் செல்லுபடியைத் தீர்மானிக்கக்கூடும். 'விசாரணையில் குற்றச்சாட்டு மெய்ப்பிக்கப்பட்டமையால், நியமன அதிகாரியாகிய நான் தங்களைப் பணியிலிருந்து நீக்குகிறேன்' என்பதில் காரணம், முறை, வினைமுதல் ஆகிய மூன்றும் வெளிப்படுகின்றன. இத்தகைய கடிதத்தைப் பெயர்ப்போர் இம்மூன்றுள் மூலத்தில் இருப்பதை விடுதலும், இல்லாததைப் புகுத்துதலும் கூடாது. கடிதத்தைப் பெறுபவர் மேல்முறையீடு செய்வதற்குப் பற்றுக்கோடாக அமைவன அச்சொற்களே.