மூன்று நாளில் தீர வேண்டிய பீப்பாய்

லண்டனின் ப்ளூம்ஸ்பரி பகுதியில் லாம்ப்ஸ் கான்டுயிட் தெரு என்று ஒன்று இருக்கிறது. 1577-இல் வில்லியம் லாம்ப் என்ற வணிகர் தன் சொந்தப் பணத்தில் அந்தப் பக்கத்துக்கு நல்ல தண்ணீர்க் கால்வாயைப் புதுப்பித்துக் கொடுத்தார். தெரு அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அதே தெருவில் ‘தி லாம்ப்’ என்ற பப். முகப்பில் பச்சை ஓடுகள், உள்ளே குதிரை லாட வடிவில் மரக் கவுன்டர். கவுன்டரின்மேல், முகத்துக்கு நேரே, திருப்பித் திறக்கக்கூடிய சிறு கண்ணாடிச் சட்டங்கள் வரிசையாக இருக்கும். விக்டோரியா காலத்துக் கனவான்கள் பரிமாறுபவரின் கண்ணில் படாமல் குடிக்கச் செய்த ஏற்பாடு அது. பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் இந்தக் கண்ணாடிகளைத்தான் படம் எடுக்கிறார்கள். எனக்கு அவற்றைவிட முக்கியமாகத் தெரிவது கவுன்டரில் நிமிர்ந்து நிற்கும் நீளமான கைப்பிடிகள்.

பரிமாறுபவர் அந்தக் கைப்பிடியை நிதானமாகத் தன் பக்கம் இழுக்கிறார். அரைக் கோப்பை நிறைகிறது. மறுபடி இழுத்தால் முழுக் கோப்பை, அதாவது ஒரு பைன்ட், 568 மில்லிலிட்டர். மின்சாரமும் இல்லை, வாயு உருளையும் இல்லை. பூட்டுகளுக்கும் நீரழுத்த எந்திரத்துக்கும் பேர்போன ஜோசப் பிராமா 1797-இல் காப்புரிமை பெற்ற பம்பின் அடிப்படை இன்றைக்கும் மாறவில்லை. கைப்பிடியை இழுத்தால் கவுன்டருக்கு அடியில் இருக்கும் உருளைக்குள் ஓர் அடைப்பான் மேலேறும். அதன் கீழே அழுத்தம் குறையும். கீழே நிலவறையில் இருக்கும் காற்று பீப்பாயிலுள்ள பீரை அழுத்திக்கொண்டே இருப்பதால் பீர் குழாய் வழியே மேலே வரும். பீரைத் தூக்கும் வேலையைச் செய்வது நம் தலைமேல் இருக்கும் வளிமண்டலம்தான்.

அதனால் இந்தப் பீரைப் புரிந்துகொள்ள வேண்டுமென்றால் நிலவறைக்கு இறங்கிப் போக வேண்டும். லண்டன் நடைபாதையில் பழைய பப்புகளின் வாசலில் மரக் கதவு ஒன்று தரையோடு தரையாகக் கிடப்பதைக் காணலாம். பீப்பாய் வண்டி வரும் நாளில் அதைத் திறந்து, பீப்பாய்களைச் சாய்த்து உருட்டி இறக்குவார்கள். அப்படி இறங்கும் பீர் இன்னும் முழுமை பெற்ற பொருள் அல்ல. பீர் ஆலையில் பாதி வேலைதான் நடந்திருக்கிறது. மீதி வேலை அந்தப் பப்பின் அடியில், அந்தத் தெருவின் மண்ணுக்குள் நடக்கும். புட்டியிலும் டப்பாவிலும் வரும் பெரும்பாலான பீர்களுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இதுதான்: இந்தப் பீப்பாய்க்குள் ஈஸ்ட் உயிரோடு இருக்கிறது.

எவ்வளவு ஈஸ்ட் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆலையிலிருந்து கிளம்பும்போது ஒரு மில்லிலிட்டருக்குப் பத்து லட்சம் உயிரணுக்கள் அளவில் விட்டுவைப்பது வழக்கம். பப்புகளில் அதிகம் புழங்கும் பீப்பாயில் ஒன்பது காலன், ஏறக்குறைய 41 லிட்டர் பிடிக்கும். ஆகவே ஒரு பீப்பாய்க்குள் நான்காயிரம் கோடி உயிர்கள். உலக மக்கள்தொகையைப்போல் ஐந்து மடங்கு. இத்தனையும் பீரில் மிஞ்சியிருக்கும் சொச்சச் சர்க்கரையைத் தின்று கொஞ்சம் ஆல்கஹாலையும் கொஞ்சம் கரியமில வாயுவையும் வெளியே விடுகின்றன.

அவை செய்யும் இன்னொரு வேலை எனக்கு இதைவிட வியப்பானது. நொதித்தலின் முதல் வேகத்தில் ஈஸ்டே சில வேண்டாத பொருள்களை உண்டாக்கிவிடும். டையசிட்டைல் அவற்றில் ஒன்று; வெண்ணெய் வாடை தரும். அசிட்டால்டிஹைடு இன்னொன்று, பச்சை ஆப்பிளை நறுக்கினாற்போல் மணக்கும். இளம் பீர் பக்குவமற்றதாகத் தோன்றக் காரணம் இவைதான். சர்க்கரை தீரத் தீர, ஈஸ்ட் இவற்றையே திரும்ப எடுத்துக்கொண்டு வாடையற்ற வேறு பொருள்களாக மாற்றிவிடுகிறது. இந்தத் துப்புரவு நடந்து முடிய அவகாசம் கொடுப்பதைத்தான் பீர் முதிர்வது என்கிறோம்.

இதற்கு வெப்பநிலை சரியாக அமைய வேண்டும். நிலவறைக்காரர்கள் சொல்லும் எண் 11 முதல் 13 டிகிரி செல்சியஸ். அதற்குமேல் போனால் பீர் சீக்கிரம் கெடும். கீழே போனால் ஈஸ்ட் சோம்பிவிடும், பீரும் கலங்கும். இந்த எண் லண்டனுக்கு எப்படி வாய்த்தது? பூமிக்குள் இறங்க இறங்கக் கோடையும் குளிரும் மட்டுப்பட்டுக்கொண்டே வரும். பத்துப் பதினைந்து மீட்டர் ஆழத்தில் வெப்பநிலை ஆண்டு முழுதும் ஏறத்தாழ அசையாமல் நிற்கும். அது அந்த ஊரின் ஆண்டுச் சராசரி வெப்பநிலையை ஒட்டியிருக்கும். லண்டனுக்கு அது 11, 12 டிகிரி. பப்பின் நிலவறை அவ்வளவு ஆழம் இல்லாவிட்டாலும் அந்த எண்ணை நெருங்கி நிற்கும். இப்போது பல நிலவறைகளில் குளிரூட்டி வந்துவிட்டது, ஆனால் அதற்கு வைக்கும் இலக்கு அந்தப் பழைய மண் கொடுத்த எண்தான். சென்னை மண்ணின் ஆழத்தில் இதே கணக்கு 28 டிகிரிக்கு மேல் போகும். காலையில் இறக்கிய கள் அந்தியில் புளித்துவிடுகிற ஊருக்கும், பீப்பாய் பல நாள் பொறுத்திருக்கிற ஊருக்கும் நடுவே இருப்பது பெரிதும் இந்தப் பதினாறு டிகிரிதான். இரண்டிலும் சர்க்கரையை ஆல்கஹாலாக்குவது ஒரே இன ஈஸ்ட். இரண்டையும் கடைசியில் காடியாக்குவதும் ஒரே குடும்பத்துப் பாக்டீரியா.

வந்த பீப்பாயைப் படுக்கைவாக்கில் தாங்கியின்மேல் கிடத்துகிறார்கள். அதற்கப்புறம் அசைக்கக்கூடாது. வயிற்றுப் பக்கத்துத் துளையில் ஒரு சிறு ஆப்பை அடிப்பார்கள். முதலில் அடிப்பது நுண்துளைகள் உள்ள மென்மையான ஆப்பு. பழைய நாளில் மூங்கிலில் செய்ததுண்டு. உபரியான கரியமில வாயு அதன் வழியே மெல்லக் கசிந்து வெளியேறும். ஆப்பின் தலையில் நுரை பொங்கி வருவதையும் பிறகு அடங்குவதையும் பார்த்து, உள்ளே ஈஸ்ட் எந்த நிலையில் இருக்கிறது என்று நிலவறைக்காரர் கணிப்பார். அடங்கியதும் காற்றுப் புகாத கடின ஆப்பு. எவ்வளவு வாயுவை உள்ளே விட்டுவைப்பது என்பது அவர் கைப்பழக்கம். பன்னிரண்டு டிகிரியில், வெளிக்காற்றின் அழுத்தத்தில், பீர் தன் கனஅளவை ஒட்டிய அளவு வாயுவைத்தான் கரைத்து வைத்துக்கொள்ளும். வாயு ஏற்றிய லாகர் வகைப் பீரில் இருப்பது அதைப்போல் இரண்டு, இரண்டரை மடங்கு. கைப்பம்பு பீர் நாக்கைக் குத்தாமல் மென்மையாக இறங்குவது இதனால்தான். ‘இங்கிலாந்தில் பீர் சூடாக இருக்கும்’ என்ற பேச்சுக்கு மூலமும் இதே நிலவறைதான். சூடெல்லாம் இல்லை. ஐஸ் குளிர் மரத்துப்போகச் செய்யும் மணங்கள் அந்தப் பன்னிரண்டு டிகிரியில் எழுந்து வரும்.

அத்தனை கோடி ஈஸ்ட் மிதந்தால் பீர் மோர்போல் கலங்கியிருக்க வேண்டுமே? மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் கொலாஜன் என்ற புரதத்தைச் சிறிதளவு சேர்ப்பார்கள். அதற்கு நேர்மின்னூட்டம், ஈஸ்டின் மேற்பரப்புக்கு எதிர்மின்னூட்டம். ஒன்றையொன்று பற்றித் திரண்டு அடியில் படிந்துவிடும். பீப்பாயை அசைக்காதே என்பது இதற்காகத்தான். சைவ உணவுக்காரர்கள் இதைத் தெரிந்துகொள்வது அவசியம். மீன் சேர்க்காமல் தெளிய வைக்கும் ஆலைகளும், கலங்கலாகவே விடும் ஆலைகளும் இப்போது நிறைய. கவுன்டரில் கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

இனிதான் விஷயமே இருக்கிறது. ஒவ்வொரு கோப்பை பீர் மேலே போகும்போதும், அதே அளவு காற்று பீப்பாய்க்குள் நுழைந்தாக வேண்டும். பீரை மேலே தள்ளிய அதே காற்று உள்ளே வந்து ஆக்சிஜனைத் தருகிறது. கூடவே காடிப் பாக்டீரியாவையும் கொண்டுவருகிறது. முதல் நாளில் அந்தச் சிறிது ஆக்சிஜனால் சுவை கூடுகிறது என்று சொல்கிற நிலவறைக்காரர்கள் உண்டு. மூன்றாம் நாள் தாண்டினால் பீர் சோர்ந்து, பிறகு புளிக்கும். ஒரு பீப்பாயில் 72 பைன்ட். அத்தனையும் மூன்று நாளில் தீர வேண்டும். பதப்படுத்தும் ரசாயனம் எதுவும் இந்தப் பீரைக் காக்க முடியாது. அக்கம்பக்கத்து மனிதர்கள் வந்து குடிப்பது மட்டும்தான் காக்கும். ஆள் வராத பப்பில் எவ்வளவு நல்ல பீரும் கெட்டுப்போகும். அந்த வகையில் கைப்பம்பு பீர் ஒரு தெருவின் வாழ்வோடு பிணைந்த பொருள். இதைப் போல அண்டை அயலாரை நம்பி இருக்கும் உணவுப்பொருள் இந்த எந்திர யுகத்தில் அரிது.

ஆலைகளுக்கு இது தலைவலி. 1960-களில் பெரிய நிறுவனங்கள் ஈஸ்டை வடிகட்டி, சூடேற்றிக் கொன்று, வாயு ஏற்றிய உலோகக் கலன்களில் பீரை அனுப்பத் தொடங்கின. வாரக்கணக்கில் கெடாது, நிலவறைக்காரரின் திறமையும் தேவையில்லை. 1971-இல் நான்கு இளைஞர்கள் சேர்ந்து இதை எதிர்க்க ‘காம்ரா’ என்ற நுகர்வோர் இயக்கத்தைத் தொடங்கினார்கள். அந்த இயக்கம் இல்லாவிட்டால் கைப்பம்புகள் அருங்காட்சியகத்துக்குப் போயிருக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஈஸ்ட் ஓர் உயிர் என்று தெரிய வந்ததே பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான். 1871-இல் லூயி பாஸ்டர் லண்டனின் சிஸ்வெல் தெருவில் இருந்த விட்பிரெட் ஆலைக்குப் போனார். ஈஸ்டை நுண்ணோக்கியில் பார்த்து, அதில் கலந்திருந்த கேடு செய்யும் கிருமிகளைச் சுட்டிக்காட்டினார். மறுபடி அவர் போவதற்குள் ஆலைக்காரர்கள் சொந்தமாக ஒரு நுண்ணோக்கி வாங்கியிருந்தார்கள். அமில அளவைக் குறிக்க உலகமே பயன்படுத்தும் பிஎச் அளவுகோலும் 1909-இல் கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பர்க் பீர் ஆலையின் ஆய்வகத்தில்தான் பிறந்தது.

அந்த அமில எண்ணை வைத்துப் புரிந்துகொள்ள வேண்டிய இன்னொரு பப், ‘தி லாம்ப்’ இருக்கும் தெருவிலிருந்து சுமார் இரண்டு கிலோமீட்டரில், சோஹோவில் உள்ளது. பெயர் ‘ஜான் ஸ்னோ’. 1854 ஆகஸ்ட் இறுதியில் அந்தப் பகுதியைக் காலரா தாக்கியது; மொத்தம் 616 பேர் இறந்தார்கள். காலரா கெட்ட காற்றால் வருகிறது என்று மருத்துவ உலகம் நம்பிய காலம். மருத்துவர் ஜான் ஸ்னோ வீடு வீடாக விசாரித்தார். இறந்தவர்களில் மிகப் பலர் பிராட் தெருவின் அடிபம்பில் தண்ணீர் பிடித்தவர்கள். செப்டம்பர் 8-ஆம் தேதி அந்தப் பம்பின் கைப்பிடியைக் கழற்றினார்கள். அதற்குள் நோயின் வேகம் தணியத் தொடங்கியிருந்தது என்பதை ஸ்னோவே ஒத்துக்கொண்டார்.

அவர் விசாரணையில் ஒரு விந்தை சிக்கியது. பம்பை ஒட்டியே ஒரு பீர் ஆலை. எழுபதுக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள். ஒருவர்கூட காலராவால் சாகவில்லை. அவர்களுக்கு நாள்தோறும் பீர் தரப்பட்டது. தண்ணீரே குடிப்பதில்லை என்று உரிமையாளர் சொன்னார். ஆலைக்குள் தனி ஆழ்கிணறும் இருந்தது, ஆகவே எல்லாப் புகழும் பீருக்கு அல்ல. ஆனாலும் பீர் ஏன் பாதுகாப்பாக இருந்தது என்பதை இன்று தெளிவாகச் சொல்ல முடிகிறது. முளைகட்டிய பார்லியின் சாற்றை ஹாப்ஸ் பூவோடு நெடுநேரம் கொதிக்க வைக்கிறார்கள். கிருமி அங்கேயே அழியும். பிறகு ஈஸ்ட் அதன் பிஎச் அளவை நான்கை ஒட்டிக் கொண்டுவந்துவிடும். காலராக் கிருமி காரத்தில் செழிக்கும், அமிலத்தில் சாகும். ராபர்ட் கோக் அந்தக் கிருமியைக் கல்கத்தாவில் பிரித்தெடுத்தது 1884-இல். ஸ்னோ இறந்து இருபத்தாறு ஆண்டு கழிந்திருந்தது. மதுவிலக்கு இயக்கத்தில் இளமையிலேயே சேர்ந்த அந்த மருத்துவரின் பெயரை 1950-களில் ஒரு பப்புக்கு வைத்தது அவருக்கு லண்டன் செய்த மரியாதை. வாசலருகே கைப்பிடி இல்லாத ஒரு மாதிரிப் பம்பும் நிற்கிறது.

பப்பின் நன்மையைப் பற்றிய ஆய்வுகளும் இருக்கின்றன. ஆக்ஸ்ஃபோர்டின் மானிடவியலாளர் ராபின் டன்பார் 2016-இல், வழக்கமாகப் போகும் பப் ஒன்று உள்ளவர்களுக்கு நெருங்கிய நண்பர்கள் கூடுதல், வாழ்க்கையில் நிறைவும் கூடுதல் என்று கண்டார். ஆய்வுக்குப் பணம் கொடுத்தது காம்ரா என்பதையும், நண்பர்கள் உள்ளவர்கள்தான் பப்புக்குப் போகிறார்களோ என்ற கேள்வியையும் மறக்கக்கூடாது. ஆல்கஹால் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்பதும் உறுதியான அறிவியல். வாரத்துக்கு 14 யூனிட்டுக்கு மேல் வேண்டாம் என்பது 2016 முதல் இங்கிலாந்து மருத்துவ ஆலோசனை. நான்கு சதவீத பீரில் அது ஆறு பைன்ட்.

2000-ஆம் ஆண்டில் பிரிட்டனில் 60,000-க்கு மேல் இருந்த பப்புகள் இப்போது 45,000 அளவுக்கு இறங்கிவிட்டன. லண்டன் போகிறவர்கள், குடிக்காதவர்களாக இருந்தாலும், ஒரு தெருமுனைப் பப்புக்குப் போய்வர வேண்டும். மேசைக்கு யாரும் வந்து கேட்க மாட்டார்கள். கவுன்டருக்குப் போய் ஓர் எலுமிச்சை சோடா வாங்கிக்கொண்டால் போதும், யாரும் ஒருமாதிரி பார்ப்பதில்லை. குடிப்பவர்கள் அரை பைன்ட் கேளுங்கள், இன்று எது அதிகம் போகிறது என்று விசாரித்து அதையே கேளுங்கள். காடி வாடை அடித்தால் தயங்காமல் திருப்பிக் கொடுங்கள். நல்ல பப்பில் மறுபேச்சில்லாமல் மாற்றித் தருவார்கள். கூட்டம் இல்லாத பிற்பகலாக இருந்தால், நிலவறையை ஒருமுறை காட்ட முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.