வியர்வை காட்டிக்கொடுக்கும் நோய்

வியர்வையின் பெரும்பகுதி நீரே. சோடியமும் குளோரைடும் சேர்ந்த சாதாரண உப்பு அதில் முதன்மையாகக் கரைந்துள்ளது. பொட்டாசியம், யூரியா, லாக்டிக் அமிலம் ஆகியவையும் சிறிதளவு உண்டு. உடற்சூட்டைத் தணிப்பதே இதன் பணி. ஆயினும், இதிலுள்ள உப்பின் அளவு, நுரையீரலையும் கணையத்தையும் தாக்கும் பரம்பரை நோய் ஒன்றை அறிவதற்கு மருத்துவர்களுக்கு உற்ற துணையாயிற்று.

1948-ஆம் ஆண்டுக் கோடையில் நியூயார்க் நகரைக் கடும் வெப்பம் வாட்டியது. சோர்ந்து விழுந்து மருத்துவமனை சேர்ந்த குழந்தைகளுள் 'சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ்' என்னும் நோயுற்றோர் பலர் இருந்தனர். இதன் காரணத்தை ஆராய்ந்த டாக்டர் டி சான்ட் அக்னீசும் அவர்தம் குழுவினரும், இந்நோயாளரின் வியர்வையில் உப்பு பன்மடங்கு மிகுந்திருப்பதை 1953-இல் அறிவித்தனர்.

காரணம் யாது? வியர்வைச் சுரப்பியின் அடிப்பகுதியில் ஊறும் நீர், ஏறக்குறைய இரத்த நீரைப் போன்றே உப்புடையது. அது நுண்குழல் வழியே மேலேறும்போது, உப்பின் பெரும்பகுதி உடலுக்குள் மீட்கப்படுகிறது. நோயாளரின் குழற்சுவர் குளோரைடை உட்புக விடுவதில்லை என 1983-இல் குவின்டன் காட்டினார். இக்குறைக்குக் காரணமான மரபணு 1989-இல் கண்டறியப்பட்டது.

சோதனைக்குரிய எளிய முறையை 1959-இல் கிப்சனும் குக்கும் வகுத்தனர். பைலோகார்பைன் என்னும் மருந்தை மென்மையான மின்னோட்டத்தால் முன்கைத் தோலினுள் செலுத்தினால், அவ்விடத்தில் மட்டும் வியர்வை சுரக்கும். அதனை அரைமணி நேரம் வரை சேகரித்துக் குளோரைடை அளக்கின்றனர். லிட்டருக்கு 30 மில்லிமோலுக்குக் குறைவாயின் நோய் இருக்க வாய்ப்பு அரிது. 60 அல்லது அதற்கு மேலாயின் நோயைக் குறிக்கும். இடைப்பட்டது மேலும் ஆராயத்தக்கது. சேகரித்த வியர்வை சிறிது உலர்ந்தாலும் உப்பின் செறிவு பொய்யாக உயருமாதலின், காற்றுப் புகாமல் காத்தல் இன்றியமையாதது. பழுதான புரதத்தைச் செயற்படச் செய்யும் புதிய மருந்துகளை ஆராய்வோரும், அவற்றின் பயனை மதிப்பிட இவ்வளவையும் பயன்படுத்துகின்றனர்.

இந்நோய் வெள்ளையர்க்கே உரியது என்ற எண்ணம் நம் நாட்டில் நெடுங்காலம் நிலவியது. அதனால், இந்நோயுற்ற குழந்தைகள் சத்துக்குறைவென்றும் காசநோயென்றும் கருதப்படுவதுண்டு. நமது கோடையிலோ, உப்பிழப்பே அவர்கள் உயிருக்கு இடர் விளைவிக்கலாம்.

ஆகவே களப்பணியாளரும் ஆசிரியரும் சிலவற்றை மனத்திற்கொள்ளல் நன்று. தொடர்ந்த இருமல், அடிக்கடி மார்ச்சளி, நன்கு உண்டும் எடை ஏறாமை, எண்ணெய்ப்பசையுள்ள மலம் ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும். குழந்தையை முத்தமிட்டால் உப்புக் கரிக்கிறது என்று தாய் கூறினால், அதனைப் புறக்கணித்தலாகாது. சுவை மட்டுமே நோயை உறுதி செய்யாது. ஆனால், வியர்வைச் சோதனை வசதியுள்ள மருத்துவமனைக்குக் குழந்தையை அனுப்புவதற்கு அது போதிய காரணமாகும்.